பளபளப்புக்கும் ஒரு கணக்கு உண்டு

ஞாயிற்றுக்கிழமை காலையில் லேக் மார்க்கெட்டுக்கு வருபவரை முதலில் வரவேற்பது மணம்தான். அப்போது அரைத்த காப்பிப் பொடி, ஈரச் சாக்கின்மீது கிடக்கும் வாழையிலைக் கட்டு, முழம் போட்டு விற்கும் மல்லிகை. கணக்கராகவும் தட்டச்சராகவும் சுருக்கெழுத்தாளராகவும் இந்நகருக்கு வந்து சேர்ந்த நம் முன்னோர், ராஷ்பிஹாரி அவென்யூவின் இரைச்சலுக்கு நடுவே தமிழ் பேசிக் கறிகாய் வாங்கிய இடம் இது. சந்தையிலிருந்து தெற்கே, ஏரியை நோக்கிச் செல்லும் தெருக்களில் நடந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கே உரிய இன்னொரு காட்சியைக் காணலாம். ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழைய துணி, வரிசையாக நிற்கும் கார்கள். அண்மைக் காலமாக அக்காட்சியோடு ஓர் ஒலியும் சேர்ந்திருக்கிறது. வீட்டு வாசலில் நீண்ட மின்கம்பியை இழுத்து வைத்துக்கொண்டு, தம் காருக்குத் தாமே மெருகேற்றுபவர்களின் பாலிஷ் இயந்திரம் எழுப்பும் ரீங்காரம் அது.

இது செல்வர்களின் பொழுதுபோக்கு அன்று. மாதத் தவணையில் கார் வாங்கி, அதைத் தம் கையாலேயே பேணிக்கொள்ள விரும்பும் நடுத்தரக் குடும்பத்தாரின் பொழுதுபோக்கு. வாரம் முழுவதும் கணினித் திரையைப் பார்த்தவர், ஓய்வு நாளில் சில மணி நேரம் உழைத்து, கதவின் பரப்பில் தம் முகம் தெளிவாகத் தெரிவதைக் கண்டு மகிழ்கிறார். அம்மகிழ்ச்சியில் நமக்கும் பங்கு உண்டு. ஆயினும், இப்பொழுதுபோக்கில் இறங்கிய ஓரிரு ஆண்டுகளில் ஏறக்குறைய எல்லாருக்கும் எழும் ஒரு விருப்பத்தைப் பற்றி இங்கே சில சொற்கள் சொல்ல விரும்புகிறோம். கையிலுள்ள சிறிய இயந்திரத்தைக் கைவிட்டு, அதைவிட வலிமையான ஒன்றை வாங்க வேண்டும் என்னும் விருப்பம்தான் அது.

முகப்பில் கேட்ட கேள்வி

சில மாதங்களுக்கு முன் இளைஞர் ஒருவர் கிளைக்கு வந்தார்.

"சார், ஒரு மிஷின் வாங்கணும். கார்டுல இஎம்ஐ போட்டா மாசம் எவ்வளவு வரும்?"

"என்ன மிஷின் தம்பி?"

"காருக்குப் பாலிஷ் போடுற மிஷின் சார். இப்ப இருக்கிறது 8 எம்எம். 21 எம்எம் வாங்கலாம்னு பார்க்கிறேன்."

"இருக்கிற மிஷின் எதைச் செய்ய மாட்டேங்குது?"

அவர் சற்று யோசித்தார். "கீறல் போகுது சார். ஆனா ரெண்டு மாசத்துல மறுபடியும் வந்துடுது."

அந்த விடையில்தான் இக்கட்டுரையின் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது. கீறல் போகவில்லை என்றால் அது இயந்திரத்தின் குறை. போன கீறல் திரும்பி வருகிறது என்றால் அது வாளியின் குறை, துணியின் குறை. தினமும் காலையில் தூசி படிந்த பரப்பை ஒரே வாளித் தண்ணீரில் நனைத்த ஒரே துணியால் வட்ட வட்டமாகத் தேய்த்தால், துணியில் ஒட்டிய மணல் துகள்கள் நுண்ணிய கீறல்களை இழுத்துக்கொண்டே போகும். வெயிலில் சிலந்தி வலைபோல் மின்னுபவை அவையே. எவ்வளவு விலை உயர்ந்த இயந்திரமும் அத்துணியை நிறுத்திவிடாது.

ஆகவே முதல் மேம்பாடு இயந்திரத்தில் அன்று, கழுவும் முறையில்தான் வேண்டும். சோப்பு நீருக்கு ஒரு வாளி, துணியை அலசுவதற்கு மற்றொரு வாளி. துடைப்பதற்கு முன் நீரைத் தாராளமாக ஊற்றித் தூசியை இறக்கிவிடல். பருத்தித் துணிக்குப் பதிலாக மைக்ரோஃபைபர் துணி. கீழ்ப்பகுதிக்கும் சக்கரத்துக்கும் தனித் துணி. இவை யாவும் சேர்ந்தும் ஒரு புதிய இயந்திரத்தின் விலையில் சிறு பங்கு கூட ஆகாது. சதர்ன் அவென்யூ மரங்களின் கீழ் காரை நிறுத்துபவர்கள் பறவை எச்சத்தை அன்றே நனைத்து எடுத்துவிட்டால், மெருகேற்றும் வேலையில் ஒரு பகுதி எழவே எழாது.

திரும்பச் செலுத்த இயலாத வைப்பு

இதை இவ்வளவு வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காரின் மேற்பூச்சு, நம் துறையின் மொழியில் சொன்னால், ஒரே ஒரு முறை செலுத்தப்பட்ட வைப்பு. அதிலிருந்து எடுக்கலாம். மீண்டும் போட முடியாது. வட்டியும் கிடையாது.

தொழிற்சாலையில் உலோகத்தின்மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன்மேல் பிரைமர், பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேல் நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்கடுக்காக இடுகிறார்கள். இவை யாவும் சேர்ந்து பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான் கனமே இருக்கும். அதில் கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். மனிதத் தலைமுடியின் கனம் ஏறத்தாழ 70 மைக்ரான். முடியைவிட மெல்லிய ஒரு படலமே, கடும் வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து காரின் நிறத்தைக் காத்து நிற்கிறது.

பாலிஷ் போடும்போது கீறலை யாரும் நிரப்புவதில்லை. கீறலின் அடிமட்டம் வரை, சுற்றியுள்ள பரப்பைத் தேய்த்துத் தாழ்த்துகிறோம். மென்மையாகச் செய்தால் ஓரிரு மைக்ரான் போகும். கடுமையான காம்பவுண்டும் கம்பளி வட்டும் கொண்டு செய்தால் அதைவிடப் பல மடங்கு போகும். ஆண்டுக்கு மூன்று முறை 'முழு மெருகு' ஏற்றுபவர், காரின்மீதுள்ள அன்பினாலேயே அதன் ஆயுளைக் குறைத்துக்கொண்டிருக்கிறார். வலிமை மிக்க இயந்திரம் அந்த வைப்பிலிருந்து விரைவாகப் பணம் எடுக்கும் கருவி என்பதை வாங்குபவர் அறிந்திருத்தல் வேண்டும்.

நாம் இதை அறிந்துகொண்டது நூலறிவால் அன்று. நம் தந்தையாரிடம் வெள்ளை அம்பாசடர் ஒன்று இருந்தது. ஹூக்ளிக் கரையில், உத்தர்பாடாவில் பிறந்த வண்டி. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வடிவத்தை ஒட்டி அங்கே உருவான அவ்வண்டிகளின் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றுபோனது. அதற்கு அடுத்த ஆண்டு, பழைய வண்டிக்குப் புதுமை தர வேண்டும் என்னும் ஆர்வத்தில் ஒரு ரோட்டரி இயந்திரத்தை வாங்கி வந்தோம். அதுவரை கையில் வைத்திருந்த சிறிய இயந்திரம் மெதுவாக வேலை செய்கிறது என்பது ஒன்றே அதற்குக் காரணம். பானெட்டின் சமதளத்தில் அற்புதமான பளபளப்பு வந்தது. அந்த மகிழ்ச்சியில் கையை நிறுத்தாமல் விளிம்பு மடிப்பின்மேல் ஓட்டினோம். சில நொடிகள்தாம். வெள்ளைக்கு நடுவே விரல் நீளத்துக்குச் சாம்பல் நிறம் தோன்றியது. அது அழுக்கு என்று எண்ணி இன்னும் ஒரு முறை தேய்த்தோம் என்பதை இன்று எழுதவும் கூச்சமாக இருக்கிறது. தெரிந்தது பிரைமர்.

தந்தையார் வந்து பார்த்தார். அவ்விடத்தை விரலால் தடவினார். "பரவாயில்லை, வண்டி ஓடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் கடிந்துகொண்டிருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும்.

இயந்திரங்களின் இயல்பு

அன்று நடந்ததற்கு இயந்திரத்தைக் குறை கூற முடியாது. அதன் இயல்பை அறியாமல் வாங்கியது நம் பிழை. இயல்பு பற்றி மூன்று வகைகளாகப் பிரித்து அறிவது போதுமானது.

ரோட்டரி என்பது ஒரே அச்சில் சுழல்வது. வட்டு எந்த அழுத்தத்திலும் நிற்காது. விரைவாக அறுக்கும், ஓரிடத்தில் வெப்பத்தைக் குவிக்கும். பயிற்சி இல்லாத கையில் நிழல்போன்ற சுழல் தடங்களை விட்டுச் செல்லும். விளிம்புகளில் பரப்பு சிறியது ஆகையால் அழுத்தம் முழுவதும் அங்கே குவிந்துவிடும். பானெட்டில் நேர்ந்தது அதுவே.

டூயல் ஆக்ஷன் என்பது வட்டு தானும் சுழன்று, மையம் விலகிய ஒரு சிறு வட்டப் பாதையிலும் சுற்றுவது. இதில் வட்டின் சுழற்சி கட்டற்றது. மிகுதியாக அழுத்தினாலோ விளிம்பில் சாய்த்தாலோ வட்டு சுழல்வதை நிறுத்திக்கொள்ளும். தொடக்க நிலையினர் இதைக் குறை என்று எண்ணுகிறார்கள். உண்மையில் அது காவல்காரன். அன்று நம் கையில் இது இருந்திருந்தால் அச்சாம்பல் கோடு பெரும்பாலும் தோன்றியிருக்காது.

மூன்றாவது, பற்சக்கரத்தால் கட்டாயச் சுழற்சி தரப்பட்ட வகை. இரண்டு அசைவுகளும் இருக்கும், ஆனால் வட்டு நிற்காது. வளைவான பாகங்களிலும் வேகம் குறையாமல் வேலை செய்யும். அதற்கேற்ப வெப்பமும் அதிர்வும் கூடும்.

இனி அந்த இளைஞர் சொன்ன 8, 21 என்னும் எண்களுக்கு வருவோம். அவை டூயல் ஆக்ஷன் இயந்திரத்தின் வீச்சைக் குறிப்பவை, அதாவது வட்டு சுற்றிவரும் பாதையின் விட்டம். 8 மி.மீ. வீச்சுள்ளது சிறு பரப்பில் அடக்கமாக இயங்கும். 15 மி.மீ., 21 மி.மீ. என வீச்சு கூடக்கூடப் பெரிய சமதளங்களில் வேலை விரைவாக முடியும். ஆனால் பம்பரின் வளைவிலும் கதவுக் கைப்பிடியைச் சுற்றிலும் பெரிய வீச்சு தடுமாறும், அடிக்கடி நின்றுபோகும். ஆகவே 21 என்பது 8-ஐவிட எல்லா வகையிலும் உயர்ந்தது என்று கொள்வது தவறு. உயரமான கூரையும் அகன்ற பானெட்டும் கொண்ட பெரிய வண்டிக்கு 21 ஏற்றது. இந்நகரின் குறுகிய சந்துகளில் நிற்கும், வளைவுகள் மிகுந்த சிறிய கார்களுக்கு 15 மி.மீ. வீச்சும் 5 அங்குல வட்டும் கொண்ட இயந்திரமே பெரும்பாலோர்க்குப் போதும் என்பது நம் கருத்து. மிச்சமாகும் பணத்தில், தூண்களுக்கும் பம்பர் மூலைகளுக்கும் ஏற்ற 3 அங்குலச் சிறு இயந்திரம் ஒன்றை வாங்குவது அறிவுடைமை.

வாங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

புதிய இயந்திரம் வேண்டுமா என்பதை முடிவு செய்ய, பழைய இயந்திரத்தைக் கொண்டே ஒரு சோதனை செய்யலாம். அடித்தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு இடுங்கள். வேலை நடக்கும்போது அக்கோடு சுழல்வதைக் கவனியுங்கள். சுழலவில்லை என்றால் அழுத்தம் மிகுதி, அல்லது வட்டு சாய்ந்திருக்கிறது. இரண்டையும் திருத்தியபின் ஒரு சமதளத்தில் இரண்டடிக்கு இரண்டடிப் பரப்பை எடுத்து, காம்பவுண்டை மாற்றிப் பாருங்கள், பேடை மாற்றிப் பாருங்கள், கையின் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். ஒரே பேடைக் கார் முழுவதற்கும் பயன்படுத்துவது பலரிடம் காணும் வழக்கம். தேய்ந்த பூச்சும் காய்ந்த பாலிஷும் அடைத்துக்கொண்ட பேட் எந்த இயந்திரத்திலும் அறுக்காது. பாகத்துக்குப் பாகம் பேடைத் துலக்கி, நான்கைந்து பேடுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால், பழைய இயந்திரமே புதியதுபோல் நடந்துகொள்வதைக் காணலாம். சூடேறிய தகட்டின்மேல் பாலிஷ் உடனே காய்ந்துவிடும் ஆகையால், வெயில் ஏறுமுன் நிழலில் செய்வதும் இச்சோதனையின் ஒரு பகுதியே.

இவ்வளவுக்குப் பின்னும் வேலை நகரவில்லை என்றால், அல்லது ஒரு காரை முடிக்க இரண்டு ஞாயிறுகள் ஆகின்றன என்றால், மேம்பட்ட இயந்திரம் வாங்குவது நியாயமே. கை மரத்துப்போகிறது என்றால் அது இன்னும் வலுவான காரணம். கருவிகளின் அதிர்வு நீண்ட காலத்தில் விரல்களின் இரத்த ஓட்டத்தையும் நரம்பையும் பாதிக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் வகுத்த விதியின்படி, 8 மணி நேர வேலைநாளுக்குக் கணக்கிட்ட அதிர்வு 2.5 மீட்டர்/வினாடி² அளவைத் தாண்டினால் வேலையளிப்பவர் தடுப்பு நடவடிக்கை எடுத்தாக வேண்டும். அங்கே விற்கும் இயந்திரங்களின் கையேட்டில் அதிர்வின் அளவு தரப்பட்டிருக்கும். வாட் எண்ணை மட்டும் பார்க்கும் நம்மவர்கள் இந்த எண்ணையும் பார்க்கப் பழக வேண்டும். எடையையும் கையில் தூக்கிப் பார்த்தே வாங்க வேண்டும். கடையில் ஒரு நிமிடம் இலேசாகத் தோன்றும் மூன்று கிலோ, கதவின் பக்கவாட்டில் அரை மணி நேரம் பிடித்தபின் அப்படித் தோன்றாது.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். அமெரிக்காவிலுள்ள உறவினர் வாங்கி அனுப்பும் இயந்திரம் பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அன்றே எரிந்துவிடும். அடுத்தது, கார்பன் பிரஷ், அடித்தட்டு, சுவிட்சு ஆகியவை உள்ளூரில் கிடைக்குமா என்பது. வண்டி உதிரிப் பாகம் எதுவானாலும் மல்லிக் பஜாரில் தேடிப் பிடித்துவிடலாம் என்பது நம் நகரத்தாரின் நம்பிக்கை. கைக்கருவியின் உதிரிப் பாகத்துக்கு அந்த நம்பிக்கை போதாது. வாங்குமுன்பே பழுது பார்ப்பவரின் முகவரியைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

பணத்தின் பக்கம்

இனி நம் தொழிலுக்கு வருவோம். ஓர் இயந்திரத்தின் விலை 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 6 முறை வீதம் 5 ஆண்டுகள் பயன்படுத்தி, பிறகு 10,000 ரூபாய்க்கு விற்றால், 30 முறைக்கு 15,000 ரூபாய். ஒரு முறைக்கு 500 ரூபாய். மகிழ்ச்சிக்கு இது மிகையான செலவு அன்று. ஆனால் இரண்டு முறை பயன்படுத்திப் பரணில் வைத்தால், அதே 15,000 ரூபாய்க்கு ஒரு முறை 7,500 ஆகிவிடும். விலையைத் தீர்மானிப்பது கடைக்காரர் மட்டும் அல்லர், நம் பழக்கமும்தான்.

கடன் அட்டையில் வாங்கி நிலுவை வைப்பவருக்குப் பல அட்டைகளில் மாதம் 3.5 விழுக்காடு அளவில் வட்டி விழும். 25,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 875 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி. மாறாக, மாதம் 2,000 ரூபாய் வீதம் ஓராண்டுக்குத் தொடர் வைப்பில் செலுத்தி, 6.5 விழுக்காடு வட்டி கிடைக்கிறது என்று கொண்டால், ஆண்டு முடிவில் வரும் வட்டி ஏறத்தாழ 850 ரூபாய். ஓராண்டுப் பொறுமை ஈட்டித் தருவதை ஒரு மாத அவசரம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. 'வட்டியில்லாத் தவணை' என்னும் விளம்பரத்தையும் நிதானமாகப் படிக்க வேண்டும். பூஜ்ய வட்டி என்று ஒன்று இல்லை, வட்டி பெரும்பாலும் பரிசீலனைக் கட்டணத்தில் மறைந்திருக்கிறது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது.

வங்கி அலுவலரே கடன் வேண்டாம் என்று எழுதுவதா என்று சிலர் வியக்கலாம். வீட்டுக்கும் கல்விக்கும் தொழிலுக்கும் கடன் தருவது நம் கடமை. அக்கடன் வருமானத்தையோ வாழ்வையோ உயர்த்துகிறது. பொழுதுபோக்குக் கருவிக்குச் சேமிப்பே உரிய வழி. மேலும், அந்த ஓராண்டில் ஆர்வம் நிலைக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். வங்காளிகள் விசுவகர்மா பூசையன்று தம் இயந்திரங்களுக்கு மாலையிடுகிறார்கள். சில வாரங்கள் கழித்து நாம் ஆயுத பூசையில் சந்தனம் வைக்கிறோம். ஒரு பூசையில் வாங்க நினைத்ததை அடுத்த ஆண்டுப் பூசையில் வாங்கலாம். அதற்குள் விருப்பம் தணிந்துவிட்டால், 24,000 ரூபாயும் வட்டியும் கையில் இருக்கும்.

இந்நகரம் பழைய வண்டிகளை மதிக்கத் தெரிந்த நகரம். ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் 1968-இல் தொடங்கிய பழங்கார் அணிவகுப்பைத் தெருவோரத்தில் நின்று பார்த்தவர்கள் நம்மில் பலர். ஒரு வண்டி அரை நூற்றாண்டைக் கடந்து நிற்பதற்குக் காரணம் அதை ஒவ்வொரு மாதமும் யாரோ தேய்த்துக்கொண்டிருந்தது அன்று. தேவையில்லாதபோது தேய்க்காமல் இருந்ததும் ஒரு காரணம்.

அந்த இளைஞர் அன்று தவணை எதுவும் எடுக்கவில்லை. இரண்டு வாளியும் ஆறு துணியும் வாங்கியதாகப் பிறகு வந்து சொன்னார். தொடர் வைப்பு ஒன்றையும் தொடங்கியிருக்கிறார். அடுத்த ஆண்டு அவர் 15 மி.மீ. வாங்கினாலும் 21 மி.மீ. வாங்கினாலும், எதற்காக வாங்குகிறோம் என்பதை அறிந்தே வாங்குவார்.

அம்பாசடர் இன்றும் நம் வீட்டு வாசலில் நிற்கிறது. பானெட்டின் அந்தச் சாம்பல் கோட்டின்மேல் துருப் பிடிக்காமல் இருக்கத் தொடுபூச்சு மட்டும் இட்டிருக்கிறோம். முழுவதும் மறைத்துப் பெயிண்ட் அடித்துவிடலாம் என்று பலர் சொன்னார்கள். மனம் வரவில்லை. தந்தையார் இப்போது இல்லை. ஞாயிறுதோறும் வண்டியைக் கழுவும்போது, அவர் விரல் தடவிய அந்த இடத்துக்கு வந்ததும் நம் கை தானே மெதுவாகிவிடுகிறது.